இரண்டாவது எழுத்து

செப்டம்பர் 11, 2024, புதன்

காலையில் முலுண்டிலிருந்து பாண்டூப் பம்பிங் ஸ்டேஷன் வரை நடை. அங்கே கழிமுகச் சேற்றோரம் கொசுக்கள் என்னைக் கடித்தன, நான் பறவைகளைப் பார்த்தேன். ஹாஃபிஸா கேட்டாள்: "அங்கிள், அந்த ஓரத்துல தனியா நிக்கிறது என்ன?"

"கருவால் மூக்கன்" என்றேன், கம்பீரமாக.

அது ஒரு பிளாஸ்டிக் பை. காற்று வந்ததும் பறந்தது. அந்த அளவுக்கு நான் சொன்னது சரி.

ஹாஃபிஸா தாராவிப் பெண். அவளுடைய வாப்பாவுக்கு அங்கே தோல் பைக் கடை. இவள் மட்டும் கடையை விட்டுவிட்டு, குளிர்காலத்துக்கு இங்கே வரும் சேற்றுப் பறவைகள் எங்கிருந்து வருகின்றன, எப்படித் திரும்பிப் போகின்றன என்று பிஎச்.டி. செய்கிறாள். ஐரோலி மருந்து கம்பெனியில் டிஸ்பாட்ச் செக்‌ஷனிலிருந்து ரிட்டயர் ஆகி, சுகர் டாக்டர் நடக்கச் சொன்னார் என்று நடந்துகொண்டிருந்தவன், போன வருஷம் இவளுடைய தொலைநோக்கி ஸ்கோப்பைத் தட்டிவிட்டேன். பழக்கம் அப்படித்தான் ஆரம்பித்தது. பறவையின் காலில் சின்னதாக ஒரு கொடி கட்டியிருப்பார்கள், அதில் இரண்டு எழுத்து. அதைத் தூரத்திலிருந்து படிக்க ஆள் வேண்டும் என்றாள். முப்பது வருஷம் பெட்டி லேபிளில் பேட்ச் நம்பர் படித்தவனுக்கு இரண்டு எழுத்து எம்மாத்திரம் என்று நானே சொல்லி, நானே சேர்ந்துகொண்டேன். சம்பளம் கிடையாது. அதனால் யாரும் வேலையை விட்டுத் தூக்கவும் முடியாது.

செப்டம்பர் 15, ஞாயிறு

ஹாஃபிஸா இன்றும் போனில், ஒரு பறவை போன வழியைக் காட்டும் அந்த வரைபடத்தைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

போன பிப்ரவரியில் இங்கே வலை போட்டுப் பிடித்த கருவால் மூக்கன்களுக்கு எல்லாம் காலில் கொடி கட்டினார்கள். எல்லாமே யு-வில் தொடங்கும். அதில் ஒன்றே ஒன்றுக்கு மட்டும் முதுகில் டேக் — வெயிலில் ஓடுகிற, பறவை இருக்கும் இடத்தைச் சொல்லிக்கொண்டே இருக்கிற சின்னக் கருவி. அந்தப் பறவையின் கொடி யு.கே. டேக்கைக் கட்டியது ஹாஃபிஸா. அவள் கட்டிய முதல் டேக்.

ஏப்ரலில் கிளம்பியது. குஜராத், பாகிஸ்தான், அப்புறம் மலைகளுக்கு மேலே. மே கடைசியில் கஜகஸ்தானில் ஒரு உப்பு ஏரிக்குப் பக்கத்தில் ஒரு புள்ளி. அதற்குப் பிறகு எதுவும் இல்லை.

"நான் டைட்டா கட்டிட்டேனோ அங்கிள்? வெயிட் ஜாஸ்தியாயிடுச்சோ?"

"அந்த ஊர்ல நெட்வொர்க் இருக்காதும்மா" என்றேன்.

இது சாட்டிலைட்டாம். ஊர் நெட்வொர்க்குக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லையாம். ஆறுதல் சொல்வதற்கு முன்னால் விஷயம் தெரிந்துகொள்ள வேண்டும், இசக்கிப்பாண்டி.

செப்டம்பர் 24, செவ்வாய்

மனைவி பேராச்சி அரிசியில் கல் பொறுக்கச் சொன்னாள். பொறுக்கினேன். மத்தியானம் என் தட்டில் மட்டும் கல். வேண்டுமென்றே பரிமாறினாள் என்று சந்தேகம்.

அக்டோபர் 6, ஞாயிறு

பார்த்துவிட்டேன். யு.கே.யைப் பார்த்துவிட்டேன்!

ஹாஃபிஸா இன்று வரவில்லை, சொந்தத்தில் நிக்காஹ். ஸ்கோப்பை என்னிடம் கொடுத்திருந்தாள். ஹை டைட்டில் கடல் தண்ணீர் ஏறிச் சேறெல்லாம் மூழ்கியதும் மூக்கன் கூட்டம் குளத்துப் பக்கம் வந்து ஒற்றைக் காலில் நின்றது. ஒன்று மட்டும் மடக்கிய காலைக் கீழே வைத்தது. கொடி! முதல் எழுத்து யு. இரண்டாவது கொஞ்சம் புகைமூட்டமாக இருந்தது. ஸ்கோப்பைத் துடைத்தேன். கண்ணைத் துடைத்தேன். கே. ஒரு குச்சி, அதிலிருந்து இரண்டு கை. வேறென்னவாக இருக்கும்?

முதுகில் டேக் இல்லை.

போனை ஸ்கோப்பின் மேல் வைத்துச் சில படங்கள் எடுத்தேன். எல்லாம் மங்கல். உள்ளதில் தேவலை என்று தோன்றியதை அனுப்பினேன். உடனே கூப்பிட்டாள்.

"அங்கிள், போட்டோல சரியா தெரியல. கே-யா, எக்ஸ்-ஸா?"

"கே."

"பக்கா?"

"முப்பது வருஷம் பேட்ச் நம்பர் படிச்சவம்மா நான். பக்கா."

பின்னால் கல்யாண வீட்டு இரைச்சல். அப்புறம் அழுகை. "அப்ப டேக்தான் கழண்டு விழுந்திருக்கு. அவ சாகல. அவ சாகல அங்கிள்."

நானும் அழுதேன். பம்பிங் ஸ்டேஷன் வாட்ச்மேன் ஓடிவந்து, வீட்டில் யாராவது போய்விட்டார்களா என்று ஹிந்தியில் கேட்டான். "இல்லை, திரும்பி வந்துட்டாங்க" என்றேன்.

அக்டோபர் 8, செவ்வாய்

ஹாஃபிஸாவின் கைடு, படத்தை வைத்து உறுதியாக எதுவும் சொல்ல முடியாது, பார்த்தவர் நம்பக்கூடிய ஆளா என்று கேட்டாராம். "என்னைவிட நம்பலாம் சார்" என்று இவள் சொன்னாளாம்.

பேராச்சியிடம் இதைச் சொன்னேன். "அந்தப் பிள்ள உங்கள இன்னும் முழுசா தெரிஞ்சிக்கிடல" என்றாள்.

அக்டோபர் 20, ஞாயிறு

எங்கள் சொசைட்டி மீட்டிங்கில் எனக்குப் பொன்னாடை. தண்ணீர் டேங்க் கழுவும் தேதிக்கும் லிஃப்ட் ரிப்பேருக்கும் நடுவில் என் பாராட்டு விழா. செக்ரெட்டரி வெங்கடேஷ் மைக்கைப் பிடித்து, "யு.கே.யிலேருந்து, அதாவது லண்டன்லேருந்து ஒரு பறவை நம்ம பாண்டி அங்கிளைத் தேடி வந்திருக்கு" என்றார். நான் திருத்தவில்லை. கைதட்டல் நின்றபிறகு திருத்தலாம் என்றிருந்தேன். நின்றதும் லிஃப்டுக்குப் போய்விட்டார்கள்.

நன்றியுரை எழுதி எடுத்துப் போயிருந்தேன். அந்த ஹாலில் வெளிச்சம் போதாது, ஒரு வரி தெரியவில்லை. மனசில் வந்ததைப் பேசினேன். வந்ததில் பாதி என்னைப் பற்றி.

நவம்பர் 10, ஞாயிறு

மாட்டுங்கா லேபர் கேம்ப்பில் சித்தப்பா பேத்திக்குச் சடங்கு. முலுண்ட் ஸ்டேஷனில் இண்டிகேட்டரைப் பார்த்து "ஸ்லோ வருது, ஏறு" என்றேன். பேராச்சி பட்டுப்புடவையோடு ஏறினாள். அது ஃபாஸ்ட், எல்லா ஸ்டேஷனிலும் நிற்காது. மாட்டுங்கா கண்முன்னாலேயே ஓடிப் போனது. தாதரில் இறங்கி, கூட்டத்தில் அவள் பூ கசங்கி, திரும்பி ஏறி, சடங்குக்குப் போய்ச் சேர்ந்தபோது எங்களுக்குச் சாம்பார் மட்டும்தான் மீதி.

"எஃப்-புக்கும் எஸ்-ஸுக்கும் வித்தியாசம் தெரியல. இதுல ஊருக்கெல்லாம் படிச்சுச் சொல்லுதிய" என்றாள்.

"இண்டிகேட்டர்ல தூசிடி."

"ஆமா. பல்பைச் சுத்தி வட்டம் தெரியுதுன்னா பல்பு மட்டம். அரிசியில கல்லுன்னா கடைக்காரன் மோசம். ஊர்ல உள்ள சாமான் பூராவும் கெட்டுப்போச்சு, உங்க கண்ணத் தவிர. நாளைக்கு டாக்டர்ட்ட போறோம்."

நவம்பர் 11, திங்கள்

இடது கண் எப்போதும் அரைப் பார்வை; நம்பியிருந்த வலது கண்ணில் மோதியாபிந்த். தமிழில் கண்புரை. நன்றாக முற்றியிருக்கிறதாம். இதை வைத்துக்கொண்டு இத்தனை நாள் எப்படி ரோட்டைக் கடந்தீர்கள் என்று டாக்டர் கேட்டார். மனைவி கையைப் பிடித்துக்கொண்டு, என்றேன். பேராச்சி வெளியே வந்து கொஞ்ச தூரம் வரை திட்டவில்லை.

நவம்பர் 24, ஞாயிறு

ஹாஃபிஸாவுக்கு முகமெல்லாம் வெளிச்சம். அடுத்த மாதம் பதினைந்தாம் தேதி மறுபடி வலை போடுகிறார்கள். இந்த முறை நிறைய மூக்கன்களுக்கு டேக். போன தடவை கட்டிய அதே கட்டு, அதே கருவி.

"பயந்துக்கிட்டே இருந்தேன் அங்கிள். பிஎச்.டி.யே வேணாம்னு வாப்பா கடையில உக்காந்திருப்பேன். நீங்க யு.கே.யைப் பாத்ததாலதான் இந்த வருஷம் டேக் போடவே தைரியம் வந்துச்சு."

வீட்டுக்கு வரும்போது என் நடையில் ஒரு ஆட்டம் இருந்திருக்க வேண்டும். ரிக்‌ஷாக்காரன் ஒருவன் நின்று "கிதர் ஜானா ஹை, சேட்?" என்று போகும் இடம் கேட்டான். சேட்டாம்!

நவம்பர் 27, புதன்

ஆபரேஷன். இட்லி வேகும் நேரத்தில் முடித்துவிட்டார்கள். இதற்கா இவ்வளவு நாள் பயந்தேன்.

நவம்பர் 28, வியாழன்

கட்டைப் பிரித்தார்கள். என்ன வெளிச்சம்! சுவர் வெள்ளையாம், நான் பழுப்பு என்று நினைத்திருந்தேன். பேராச்சியைப் பார்த்து, "உனக்கு எப்ப இவ்வளவு நரைச்சுது?" என்று கேட்டுவிட்டேன்.

"நான் சொல்லாம ஒளிச்சா வச்சேன்?"

இரவுச் சாப்பாடு நானே போட்டுக்கொண்டேன்.

டிசம்பர் 8, ஞாயிறு

போனில் இடமில்லை என்று வந்தது. பழைய படங்களை அழிக்க உட்கார்ந்தேன். அக்டோபர் ஆறாம் தேதி படங்கள். அன்றைக்கு மங்கல் என்று நான் ஒதுக்கின ஒரு படம்.

மங்கலே இல்ல. பளிச்சுனு இருக்கு. கல்லுல கொத்துன மாதிரி இருக்கு. மங்கலா இருந்தது நான்.

யு. எக்ஸ்.

பெரிதாக்கிப் பார்த்தேன். எக்ஸ். போனைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தேன் — எக்ஸைத் தலைகீழாகத் திருப்பினாலும் எக்ஸ்தான் என்று அப்போது உறைக்கவில்லை. பேராச்சியைக் கூப்பிட்டு, என்ன எழுத்து என்று கேட்டேன்.

"பெருக்கல் மார்க்கு" என்றாள்.

அப்ப யு.கே.? அவ அங்கேயேதான் கிடக்காளா, அந்த உப்பு ஏரிக் கரையில?

டிசம்பர் 9, திங்கள்

சொல்லவில்லை.

யு.கே.யும் எங்காவது உயிரோடு இருக்கலாம் அல்லவா? இருந்தால் நான் சொன்னது பொய் ஆகாது, கொஞ்சம் முந்திச் சொன்ன உண்மை. — இப்படி யோசிக்கிற மூளைக்கும் ஏதாவது ஆபரேஷன் இருக்கிறதா என்று டாக்டரிடம் கேட்க வேண்டும்.

டிசம்பர் 11, புதன்

டேக் கழன்று விழுந்தது, பறவை பிழைத்தது என்று நம்பித்தான் அவர்கள் ஞாயிற்றுக்கிழமை மற்றதற்கெல்லாம் கட்டப் போகிறார்கள். அப்படி நடந்தது என்று யாருக்குத் தெரியும்? எனக்குத்தான் 'பக்கா'வாகத் தெரியும். ஒரு பொன்னாடைக்காக எத்தனை மூக்கன்கள் முதுகில் சுமையோடு மலை தாண்ட வேண்டும்?

பேராச்சியிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். சிரிப்பாள் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"அது அழுதுதுன்னு சொன்னியளே, அந்தப் பிள்ள" என்றாள்.

"ஆமா."

"அப்ப போன்ல சொல்லாதிய. நேர்ல போங்க."

டிசம்பர் 13, வெள்ளி

தாராவிக்குப் போனேன். வழியெல்லாம் ஒத்திகை. சயனில் இறங்கும்போது வசனம் அருமையாக வந்திருந்தது. கடைக்கு மேலே அவர்கள் வீடு, ஏணி மாதிரி ஒரு படிக்கட்டு. ஏறி முடித்தபோது வசனமும் இல்லை, மூச்சும் இல்லை.

ஹாஃபிஸாவின் அம்மா சுலைகா சாயா கொடுத்தார். "நீங்கதானா பாண்டி அங்கிள்? உங்களாலதான் இவ இப்ப ஒழுங்கா சாப்புடுறா" என்றார். அந்தச் சாயாவை எப்படிக் குடித்தேன் என்று தெரியவில்லை.

ஹாஃபிஸா ஞாயிற்றுக்கிழமைக்காகத் துணிப் பைகளை எண்ணி மடித்துக்கொண்டிருந்தாள், பிடித்த பறவைகளைப் போட்டு வைக்க. நான் போனை நீட்டினேன்.

பார்த்தாள். விரலால் பெரிதாக்கினாள். நிறைய நேரம்.

"இது எப்ப எடுத்தது?"

"அன்னைக்குத்தான். அதே பறவை. என் கண்ணுல புரை இருந்துதும்மா. இது மங்கல்னு நெனச்சு வேற படத்த அனுப்பிட்டேன். உங்கிட்ட பக்கான்னு சொன்னேன்லா... பக்கா இல்ல."

"நான் கேட்டேன்ல அங்கிள். கே-யா எக்ஸ்-ஸான்னு கேட்டேன்ல."

"கேட்ட."

"எனக்கும் அது எக்ஸ் மாதிரிதான் தெரிஞ்சுது" என்றாள். "நீங்க கே-ன்னு சொன்னதும் நானும் கே-ன்னே பாக்க ஆரம்பிச்சுட்டேன். எனக்கு அது கே-யா இருக்கணும்."

பிறகு, என்னிடம் இல்லை, மடித்து வைத்த பைகளிடம் சொல்வதுபோலச் சொன்னாள்: "யு.எக்ஸ்-ஸுக்கு நான் கொடி மட்டும்தான் கட்டுனேன். டேக் போடாதது திரும்பி வந்துடுச்சு."

அதற்கு மேல் எனக்கு அங்கே வேலை இல்லை. படிக்கட்டில் இறங்கும்போது சுலைகா மேலிருந்து, "சாப்பிட்டுப் போங்க அண்ணே" என்று கூப்பிட்டார். திரும்பிப் பார்க்கவில்லை. தலையை வாசல் நிலையில் இடித்துக்கொண்டேன். புதுக் கண் இருந்தும்.

டிசம்பர் 15, ஞாயிறு

வலை போடவில்லை. நேற்றே கைடு நிறுத்திவிட்டார் என்று ஹாஃபிஸாவிடமிருந்து ஒரு வரி வந்தது. எனக்கென்று தனியாக இல்லை. எல்லா வாலண்டியர்களுக்கும் அனுப்பியது.

டிசம்பர் 22, ஞாயிறு

சொசைட்டி வாட்ஸ்அப் குரூப்பில் உண்மையை எழுதிப் போட்டேன்: நான் பார்த்தது யு.கே. இல்லை, யு.எக்ஸ்., லண்டனுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, மன்னிக்கவும். அதற்கு நிறைய பேர் கைகூப்பும் பொம்மை போட்டார்கள். ஒருவர் "கங்க்ராட்ஸ் அங்கிள்" என்று எழுதியிருந்தார். யாரும் படிப்பதில்லை என்பது எவ்வளவு பெரிய நிம்மதி.

வெங்கடேஷை லிஃப்டில் பார்த்தேன். பொன்னாடையைத் திருப்பித் தர வேண்டுமா என்று கேட்டேன். "வேணாம் அங்கிள், அது முன்னாடியே ரெண்டு பேருக்குப் போட்டது" என்றார்.

ஜனவரி 5, 2025, ஞாயிறு

பம்பிங் ஸ்டேஷன் பக்கம் போகவில்லை. முலுண்ட் மார்க்கெட்டைச் சுற்றி நடந்தேன். காக்காய்கள். எல்லாவற்றையும் சரியாக அடையாளம் கண்டேன்.

ஜனவரி 19, ஞாயிறு

போன் இல்லை. ஸ்கோப் என் அலமாரியில்தான் இருக்கிறது. கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். கொடுத்துவிட்டால் அப்புறம் கூப்பிட அவளுக்கு ஒரு காரணமும் இருக்காது. அதனால் கொடுக்கவில்லை. அறுபதை நெருங்குகிற ஆள் செய்கிற வேலை.

பிப்ரவரி 16, ஞாயிறு

ஹாஃபிஸா கூப்பிட்டாள்!

ஸ்கோப்பைத்தான் கேட்கப் போகிறாள் என்று எடுத்ததுமே, "துடைச்சு வச்சிருக்கேன்மா" என்றேன்.

"எதை?" என்றாள்.

இந்த வருஷம் டேக் கிடையாதாம். அந்தக் கட்டை மாற்றுவதா, கருவியையே மாற்றுவதா என்று வெளிநாட்டில் இதே வேலை செய்கிறவர்களிடம் கேட்டிருக்கிறார்களாம். அதுவரை கொடி மட்டும். கைடிடம் நன்றாகத் திட்டு வாங்கினாளாம். எதற்கு என்றேன். கண்ணால் பார்க்காமல் மனசால் படித்ததற்கு.

"ஒரு பறவை வந்துச்சு, ஒண்ணு வரல, அத வச்சு டேக்தான் கொன்னுச்சுன்னும் சொல்ல முடியாது அங்கிள். இல்லைன்னும் சொல்ல முடியாது. தெரியாது. அவ்ளோதான்." பிறகு, "அந்த டிசம்பர் ஞாயித்துக்கெழம நாங்க கட்டிருந்தா என்ன ஆயிருக்கும்னு யோசிச்சா தூக்கம் வர மாட்டேங்குது. நீங்க வந்து சொன்னீங்க, அது ஒண்ணுக்காகத்தான் கூப்புடுறேன்" என்றாள்.

தெரியாதபோது சும்மா இருக்கலாம் என்பது இந்த வயதில்தான் பிடிபடுகிறது.

"இனிமே ரெண்டு பேரும் தனித்தனியா பாக்கணும்" என்றாள். "சொல்லிக்காம எழுதணும். ரெண்டும் ஒண்ணா இருந்தாத்தான் கணக்கு. டீக்? சரிதானே?"

"டீக்" என்றேன். மெதுவாகத்தான் சொன்னேன், ஆனாலும் பேராச்சி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

மார்ச் 2, ஞாயிறு

வேறு நாட்டில் கட்டிய ஒரு கொடி, அதில் ஒரு எண். நான் எழுதியது: ஒன்று. அவள் எழுதியது: ஏழு. கணக்கில் சேரவில்லை. அவள் தப்பு என்பது என் கருத்து. வெளியே சொல்லவில்லை.

மார்ச் 23, ஞாயிறு

மூக்கன்கள் கிளம்பத் தயாராகிவிட்டன. சாம்பல் நிறம் போய் நெஞ்செல்லாம் செங்கல் சிவப்பு. இந்தக் கூட்டத்தில் இனி எத்தனை நாளைக்கு எது இருக்கும் என்று சொல்ல முடியாது. ஹாஃபிஸா ஒரு பக்கம், நான் கொஞ்சம் தள்ளி.

ஹை டைட் ஏறி, கூட்டம் வந்து இறங்கியது. முன்வரிசையில் ஒன்று. காலில் கொடி. முதுகு வெறும் முதுகு, டேக் இல்லை. முதல் எழுத்து யு.

இரண்டாவது எழுத்தின் மேல் சேறு. கீழே மட்டும் ஏதோ ஒரு கால் தெரிந்தது. கே-யின் காலாக இருக்கலாம். எக்ஸின் காலாக இருக்கலாம். ஆர்? ஏ? ஹாஃபிஸாவின் பக்கம் திரும்பவில்லை, ஆனால் அவள் மூச்சு நின்றது எனக்குக் கேட்டது. எனக்கும் நின்றுதான் இருந்தது. தண்ணியில காலை வை தாயி, ஒரே ஒரு தடவை, கழுவிட்டுப் போ — என்று வேண்டிக்கொண்டேன். அது அலகைச் சிறகுக்குள் செருகிக்கொண்டு தூங்கியது. பிறகு ஒரு பருந்து வந்தது, கூட்டம் மொத்தமாக எழும்பி ஐரோலிப் பக்கம் போய்விட்டது.

எழுதினோம். சீட்டுகளை மாற்றிக்கொண்டோம்.

நான்: யு. அடுத்தது தெரியவில்லை.

அவள்: யு. அடுத்தது தெரியவில்லை.

அவள் என் சீட்டை நிறைய நேரம் பார்த்தாள். "சேம் டு சேம்" என்றாள். பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்து நீட்டினாள். சுலைகா கொடுத்தனுப்பிய இடியாப்பம். எனக்காம். சாப்பிடாமல் இறங்கிப் போனவருக்காம்.

வீட்டுக்கு வந்ததும் பேராச்சி வாசலிலேயே நிறுத்தினாள். "இன்னைக்கு என்ன பாத்திய?"

"பாதி."

"மீதி?"

"சேறு."

என் காலைப் பார்த்தாள். "அது தெரியுது. கழுவிட்டு உள்ள வாங்க" என்றாள்.